மலை ஏறப் போறீங்களா? முதுகையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போங்க!

"ஏழு மலையும் ஏறணும்னு வேண்டிக்கிட்டுப் போனேன் டாக்டர். ரெண்டாவது மலையிலேயே முதுகு புடிச்சுக்கிச்சு. நாலு பேர் கைத்தாங்கலா இறக்கிக் கொண்டு வந்தாங்க. சாமி குத்தமா இருக்குமோன்னு வீட்டுல பயப்படறாங்க..."

சொன்னவர் முத்தியால்பேட்டைக்காரர். வயது 46. வங்கி உத்தியோகம். வெள்ளியங்கிரி போய் வந்து பத்து நாள் ஆகியும் நிமிர முடியாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி என் எதிரே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. "நான் அப்பவே சொன்னேன் டாக்டர், இவர் கேட்டாத்தானே!" என்று தன் பங்குக்கு ஒரு வரி.

சாமி குத்தமெல்லாம் இல்லை. அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். எப்படிப் போனீர்கள்? பையில் என்னென்ன இருந்தது? பையை எப்படித் தூக்கினீர்கள்? மூன்று பதில்களிலும் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

நம்ம ஊர் சமதளம்!

புதுச்சேரிக்காரர்களுக்கு நடப்பதில் குறை சொல்ல முடியாது. விடிகாலையில் கடற்கரைச் சாலைக்குப் போய்ப் பாருங்கள். காந்தி சிலைக்கும் டூப்ளே சிலைக்கும் இடையே எத்தனை பேர் கை வீசி நடக்கிறார்கள்! "தினமும் அஞ்சு கிலோமீட்டர் நடக்கிறேன், மலை என்ன பெரிய மலை?" என்று தைரியம் வருவது இயற்கை. ஆனால் அது சமதளம். கையில் சுமையும் கிடையாது. மலைக்குத் தேவைப்படுவது வேறு தசைகள். தொடை, பிட்டம், அடிவயிறு, முதுகின் இரு பக்கமும் ஓடுகிற நீளத் தசைகள் ஆகியவற்றுக்குத்தான் அங்கே வேலை. இவை பழகாமல் இருந்தால் சீக்கிரம் களைத்துப் போகும். தசை களைத்தால் பாரம் முழுவதும் முள்ளெலும்புகள் மேலும், அவற்றுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் மேலும் இறங்கிவிடும்.

டிஸ்க் என்பது என்ன? இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பது. வெளியே கெட்டியான வளையம், உள்ளே நீர் நிறைந்த கூழ். இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் உண்டு. அவற்றில் கடைசி இரண்டு டிஸ்க்குகள்தான் பெரும்பாலும் தகராறு செய்பவை.

முதல் குற்றவாளி வேன்

நம் நண்பர் பதினான்கு பேரோடு ராத்திரி வேனில் கிளம்பியிருக்கிறார். கோவைக்கு அந்தப் பக்கம் பூண்டி அடிவாரம். எட்டு, ஒன்பது மணி நேரப் பயணம். அவருக்குக் கிடைத்தது கடைசி வரிசை, அதாவது பின்சக்கரத்துக்கு மேலே! ஒவ்வொரு பள்ளத்தின் குலுக்கலும் நேராக இடுப்புக்கு. வளைந்து உட்கார்ந்தபடியே தூங்கியும் இருக்கிறார். அதிகாலையில் இறங்கியதும் குனிந்து ஷூ லேஸ் கட்டி, குனிந்தபடியே வேனுக்குள் கையை நீட்டி, சீட்டுக்கு அடியில் இருந்த பையை ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறார். "அப்பவே லேசா 'சுருக்'குன்னுச்சு டாக்டர், நான் கண்டுக்கலை" என்றார்.

அங்கேதான் விஷயம். வலி ஆரம்பித்தது மலையில் அல்ல, வேன் படிக்கட்டில்!

மணிக்கணக்கில் வளைந்து உட்கார்ந்தால் முதுகின் பின்பக்கத் தசைநார்கள் இழுபட்டுத் தளர்ந்து போகும். அவை பழைய நிலைக்கு வரக் கொஞ்ச நேரம் வேண்டும். படுத்துத் தூங்கி எழுந்தாலும் இதே எச்சரிக்கைதான். இரவில் டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். காலையில் நம் உயரம் மாலையில் இருப்பதைவிட ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் அதிகம் என்றால் நம்புவீர்களா? உப்பியிருக்கும் டிஸ்க்கை வைத்துக்கொண்டு எழுந்தவுடன் குனிந்து பாரம் தூக்குவது வம்பை விலைக்கு வாங்குவது. 1998-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாள்பட்ட முதுகு வலிக்காரர்களை எழுந்த முதல் சில மணி நேரம் குனியாமல் இருக்கப் பழக்கினார்கள். அது ஒன்றுக்கே பலருக்கு வலி குறைந்தது.

ஆகவே வேனில் போகிறவர்கள் முடிந்தால் நடு வரிசையைப் பிடியுங்கள். ஒரு துண்டைச் சுருட்டி இடுப்பின் குழிவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை டீ குடிக்கிற சாக்கிலாவது இறங்கி நடங்கள். அடிவாரம் சேர்ந்ததும் பையைத் தொடாமல் கால் மணி நேரம் சும்மா நடந்துவிட்டு, காலை ஒரு படியின் மேல் வைத்து லேஸ் கட்டுங்கள். பையை இன்னொருவர் எடுத்துக் கொடுத்தால் கௌரவம் குறைந்துவிடாது.

பத்து கிலோ நூறு கிலோ ஆகும் அதிசயம்

பை விஷயத்துக்கு வருவோம். சீசா பலகை நினைவிருக்கிறதா? டிஸ்க்தான் நடுக்கட்டை. அதற்குப் பின்னால் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் முதுகுத் தசை. கையை நீட்டி, அரை மீட்டர் தள்ளி பத்து கிலோ பையைப் பிடித்தால், அதைச் சமன் செய்யத் தசை நூறு கிலோ பலத்தோடு இழுக்க வேண்டும். இந்த இழுப்பும் சேர்ந்து டிஸ்க்கைத்தான் நசுக்கும்.

ஜெர்மனியில் ஒரு தன்னார்வலரின் இடுப்பு டிஸ்க்குக்குள் அழுத்தம் அளக்கும் சிறு கருவியைச் செருகி அளந்தார்கள் (தைரியசாலி, அவரே ஓர் எலும்பு மருத்துவர்!). 1999-ல் வெளியான அந்த அளவுகளைக் கேளுங்கள். நேராக நிற்கும்போது உள்ள அழுத்தம் ஒன்று என்றால், குனிந்து நிற்கும்போது இரண்டு மடங்குக்கும் மேல். முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கியபோது நாலரை மடங்கு. அதே 20 கிலோவை முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டித் தூக்கியபோது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. பாரம் ஒன்றுதான், தூக்கிய விதம்தான் வேறு.

நண்பரின் பையில் என்ன இருந்தது? மூன்று லிட்டர் தண்ணீர், அதுவே மூன்று கிலோ. எவர்சில்வர் கேரியரில் புளியோதரை. முறுக்கு டப்பா. கனமான போர்வை, டார்ச், பவர் பேங்க், மாற்றுத்துணி இரண்டு செட், பூஜைச் சாமான். "கூட வந்த பெரியவர் பாவம்னு அவர் சாமானையும் வாங்கிக்கிட்டேன்" என்றார். எப்படியும் பன்னிரண்டு, பதிமூன்று கிலோ. இவர் எடையே 68 கிலோதான். மகனுடைய காலேஜ் பை, இடுப்புப் பட்டி கிடையாது. தோள் பட்டியைத் தளர்த்தி விட்டிருந்ததால் பை பிட்டத்தில் இடித்து ஆடியிருக்கிறது.

ஒரே நாளில் ஏறி இறங்குகிறவர்கள் தங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரவு தங்குவதானால் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். ஏற்கெனவே முதுகு வலி வந்தவர்களுக்கு இதிலும் குறைவுதான். பள்ளிப் பிள்ளைகளின் பை அவர்கள் எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. பிள்ளைக்குப் பார்க்கிற கணக்கை அப்பாவுக்கும் பார்க்கலாமே!

பை வாங்குவதானால் இடுப்புப் பட்டி உள்ளதாக வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கினாலும் சரி, பெரிய கடையில் வாங்கினாலும் சரி, பட்டி அகலமாக, மெத்தென்று இருக்கிறதா என்று பாருங்கள். நிறத்தை அப்புறம் பார்க்கலாம். இடுப்பில் இரு பக்கமும் கையை ஊன்றினால் ஓர் எலும்பு விளிம்பு தட்டுப்படும். பட்டியின் நடுப்பாகம் அதன் மேல் உட்கார வேண்டும். முதலில் இடுப்புப் பட்டியை இறுக்க வேண்டும், பிறகுதான் தோள் பட்டி. அப்படிச் செய்தால் பாரத்தில் பெரும் பகுதி முதுகைத் தொடாமலே இடுப்பு எலும்பு வழியாகக் காலுக்கு இறங்கிவிடும். தண்ணீர், கேரியர் போன்ற கனமானவை முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும். போர்வை அடியில், லேசானவை வெளிப்பக்கம். (மருந்துக் கடையில் விற்கும் முதுகு வலி பெல்ட் வேறு, இது வேறு. அதைக் கட்டிக்கொண்டு மலை ஏறலாமா என்று பலர் கேட்கிறார்கள். பை இறக்கும் பாரத்தை அது குறைக்காது.)

எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா பெரியவர் இருக்கிறார். பையை மாட்டும்போது அவர் தரையிலிருந்து தூக்கவே மாட்டார். இடுப்பு உயரத் திண்ணையில் வைத்து, திரும்பி நின்று, இரண்டு கையையும் நுழைத்து, காலால் எழுந்திருப்பார். "இதுதான் முதல் நாள் பாடம்" என்பார். ஒரு தோளில் மாட்டி உடம்பை முறுக்கி வீசுகிற நம் ஆட்கள் இதைப் பார்க்க வேண்டும்.

"இருமுடியைத் தலையில் வைத்துக்கொண்டு பம்பையிலிருந்து ஏறுகிறார்களே, அவர்களுக்கு வலிக்காதா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. தலைச்சுமை முதுகெலும்புக்கு நேர் மேலே இருக்கிறது, முன்னால் ஒரு முடி, பின்னால் ஒரு முடி என்று சமனாகவும் இருக்கிறது. கென்யா நாட்டுப் பெண்கள் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் சுமந்தாலும் அதற்கென்று கூடுதல் சக்தி செலவாவதில்லை என்று 1986-ல் கண்டுபிடித்தார்கள். ஆனால் அவர்கள் சிறு வயதிலிருந்தே பழகியவர்கள். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் இருமுடியை லேசாகவே கட்டிக்கொள்ள வேண்டும்.

ஏற்றத்தைவிட இறக்கம்

வெள்ளியங்கிரி ஒரு வழிக்கு சுமார் ஆறு கிலோமீட்டர். அடிவாரத்தில் மூங்கில் தடி விற்கிறார்கள். "வயசானவங்களுக்குத்தானே?" என்று இளவட்டங்கள் வாங்குவதில்லை. வாங்குங்கள்! இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். இறக்கத்தில் ஒவ்வொரு அடியும் ஒரு சின்னக் குதிப்பு. முழங்காலை விறைப்பாக வைத்துத் 'தொப் தொப்' என்று இறங்கினால் அதிர்ச்சி இடுப்பு வரை வரும். முழங்காலை லேசாக மடக்கி, அடியைச் சின்னதாக வைத்து, தடியை முன்னால் ஊன்றி இறங்குங்கள். கையை மாற்றி மாற்றிப் பிடியுங்கள்.

அரை மணிக்கு ஒரு முறை பையை இறக்கி வையுங்கள். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, மெதுவாகப் பின்னால் ஐந்து தடவை சாயுங்கள். ஆனால் நடந்தால் கால் மரத்து, குனிந்தால் சுகமாக இருக்கும் அறுபது வயதுக்காரர்கள் இதைச் செய்ய வேண்டாம். அவர்களுக்கு நரம்பு போகும் பாதை குறுகியிருக்கலாம், பின்னால் சாய்ந்தால் தொல்லை கூடும்.

முன்கூட்டியே பழகுவது எப்படி? குறைந்தது ஆறு வாரம் வேண்டும். வீட்டு மாடிப்படி போதும். முதல் வாரம் வெறும் கையோடு, பிறகு இரண்டு கிலோ, நாலு கிலோ என்று பையில் ஏற்றிக்கொண்டே போங்கள். தினமும் பத்து நிமிஷம், மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது, தவழும் நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது, இந்த இரண்டையும் செய்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஒத்திகைக்கு செஞ்சி இருக்கிறது, நம்ம ஊரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான். ராஜகிரி ஏறக்குறைய 800 அடி, படிகள் உண்டு. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை இந்தக் கோட்டையை ஓர் இரவில் பிடித்தது. அதை நடத்தியவர்தான் நம்ம புஸ்ஸி வீதிக்குப் பெயர் தந்த புஸ்ஸி. நீங்கள் ராத்திரியில் ஏற வேண்டாம், காலை வெயிலுக்கு முன் போனால் போதும். அங்கே ஏறி இறங்கி மறுநாள் முதுகு ஒன்றும் சொல்லவில்லை என்றால் பெரிய மலையை யோசிக்கலாம். தமிழக வனத்துறை 2024-ல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். புதியவர்கள் எளிதில் ஆரம்பிக்கலாம்.

வலி வந்துவிட்டால்?

மலையில் பிடித்துக்கொண்டால் முதலில் பையை இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். மல்லாந்து படுத்து, கால்களை பையின் மேல் தூக்கி வைத்து, பத்து நிமிஷம். பிறகு மெல்ல எழுந்து கீழ்நோக்கி நடங்கள், மேலே வேண்டாம். "முன்னெச்சரிக்கையா" என்று ஏறும் முன்பே டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போட்டுக்கொள்வது தப்பு. வியர்வையில் உடம்பு நீர் வற்றியிருக்கும் நேரத்தில் அவை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். வலியும் தெரியாமல் போய், நீங்கள் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த மாட்டீர்கள்.

வீடு திரும்பியதும் வெந்நீர் ஒத்தடம், தைலம், எல்லாம் சரி. ஆனால் வாரக்கணக்கில் படுத்துக் கிடக்காதீர்கள். இரண்டு நாள் படுத்தவர்களும் ஏழு நாள் படுத்தவர்களும் ஒரே மாதிரிதான் குணமானார்கள், ஏழு நாள் படுத்தவர்கள் வேலையை அதிகம் இழந்ததுதான் மிச்சம் என்று 1986-லேயே ஓர் அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. நம் நண்பர் பத்து நாள் படுத்ததுதான் அவருடைய இரண்டாவது தவறு. பெரும்பாலான சுளுக்குகள் சில வாரங்களில் தானே அடங்கிவிடும்.

இவற்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது: சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது தெரியாமல் போய்விடுவது, பிறப்புறுப்பு, ஆசனவாய் சுற்றி மரத்துப் போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் கால் இழுப்பது. இதில் எது வந்தாலும் அன்றே, அந்த மணியே ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். தாமதித்தால் நரம்பு திரும்பாது. சுளுக்கு எடுப்பவரிடம் போய் நேரத்தைக் கடத்தாதீர்கள். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலும், காய்ச்சலோடு வந்தாலும், கீழே விழுந்த பிறகு வந்தாலும் டாக்டரைப் பாருங்கள்.

முத்தியால்பேட்டை நண்பருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. நடக்கச் சொன்னேன். மூன்று வாரத்தில் நிமிர்ந்துவிட்டார். ஐந்து மாதம் மாடிப்படி ஏறினார், இரண்டு தடவை செஞ்சி போய் வந்தார். அடுத்த சீசனில் வேண்டுதலை முடிக்கக் கிளம்பும் முதல் நாள், பையை மளிகைக் கடைத் தராசில் வைத்து எடை பார்த்தாராம். ஏழு கிலோ முன்னூறு. "என்னங்க, முறுக்கு டப்பா எதுக்கு?" என்று மனைவி எடுத்து வெளியே வைத்துவிட்டார். எவர்சில்வர் கேரியரும் இறங்கியது, புளியோதரை வாழை இலைப் பொட்டலத்துக்கு மாறியது. மறுபடி வைத்தபோது ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே.