மெட்டி ஒலியா, கோலங்களா?



அடி அண்ணாமலையில் அன்பியக் கூட்டம் முடிந்ததும் இன்றும் எழும் வழக்கு இது. இரண்டும் சன் தொலைக்காட்சித் தொடர்கள். மெட்டி ஒலி 2002 முதல் 2005 வரை வந்தது. ஐந்து மகள்களைக் கரைசேர்க்கப் பாடுபடும் சிதம்பரத்தின் கதை. கோலங்கள் 2003 முதல் 2009 வரை. குடும்பத்தைச் சுமந்தபடி கட்டுமானத் தொழிலில் நிமிர்ந்து நின்ற அபியின் கதை.

எது சிறந்தது என்று கேட்டால் யாரும் கதையமைப்பைப் பேசுவதில்லை. கவனித்துப் பாருங்கள். பெண்பிள்ளைகளைப் பெற்றவர் சிதம்பரத்துக்காக வாதாடுவார். வேலைக்குப் போய்த் தம்பி தங்கையரை ஆளாக்கியவர் அபியை விட்டுக்கொடுக்க மாட்டார். (நான் சிதம்பரத்தின் பக்கம்.) தாங்கள் பட்ட பாட்டை நேராகச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் அதைத் தொடரின் பெயரால் சொல்கிறார்கள். அதனால்தான் "உங்கள் தொடரில் எப்போதும் அழுகைதானே" என்ற கேலி சுருக்கென்று தைக்கிறது. அதோடு பேச்சை நிறுத்திக்கொள்கிறவர்களும் உண்டு.

கொரிந்துத் திருச்சபையாரும் பவுல் பக்கம், அப்பொல்லோ பக்கம் என்று பிரிந்தார்கள். பவுலோ இருவரையும் ஒரே வயலின் உழைப்பாளர்களாகவே கண்டார். இங்கும் அப்படித்தான்: கோலங்களை இயக்கிய திருச்செல்வம் மெட்டி ஒலியில் நடித்தவர்.

அடுத்த கூட்டத்தில் மறுத்துப் பேசுமுன், "அபியை உங்களுக்கு ஏன் அவ்வளவு பிடிக்கும், அக்கா?" என்று கேட்டுப் பாருங்கள்.