கடை மாறலாம்; கணக்கு மாறலாமா?

"பிடிக்கவில்லையா? கடையை மாற்றிக்கொள்!" என்கிறார்கள், சந்தையைத் தெய்வமாக்கிவிட்ட பெரியவர்கள். அரிசிக் கடைக்கு இது பொருந்தும். இந்தக் கடை அரிசியில் கல் இருந்தால், அடுத்த கடைக்கு நடக்கலாம். ஆனால் மின்சாரம்? முறத்தில் போட்டுப் புடைக்க முடியாது. படியில் கொட்டி அளக்க முடியாது. சுவரிலே மாட்டியிருக்கும் மீட்டர் சொல்வதுதான் அளவு. கம்பெனி அனுப்பும் சீட்டு சொல்வதுதான் விலை. கடையை மாற்றிய பிறகு, பழைய கடைக்காரன் பெரியதொரு பாக்கிச் சீட்டோடு வந்து நின்றால், ஏழை எங்கே போவான்? எவரிடம் சொல்வான்?

கற்பனை அல்ல, நண்பர்களே! மின்சாரக் கடையை மாற்றும் உரிமையைப் பெருமையோடு பறைசாற்றும் பிரிட்டன் நாட்டிலே மக்கள் எதிர்ப்படும் தொல்லை இது.

அந்த நாட்டின் கதையைச் சற்றே பார்ப்போம். போர் முடிந்ததும் தொழிற்கட்சி ஆட்சி 1947-இல் சட்டம் செய்தது. 1948 ஏப்ரல் முதல் நாள், மின்சாரம் பொதுமக்கள் சொத்தாயிற்று. மறு ஆண்டு எரிவாயுவும் அப்படியே ஆயிற்று. பிறகு வந்தது தாட்சர் அம்மையாரின் ஆட்சி. 1986-இல் எரிவாயு நிறுவனம் பங்குச் சந்தையில் விற்கப்பட்டது. 1990-இல் வட்டார மின்சார நிறுவனங்களும் விற்கப்பட்டன. 1998, 1999 ஆண்டுகளில், ஒவ்வொரு வீட்டுக்காரரும் தாம் விரும்பும் கம்பெனியிடம் மின்சாரம் வாங்கலாம் என்று கதவு திறக்கப்பட்டது.

கம்பி மாறவில்லை, மீட்டர் மாறவில்லை, ஓடிவரும் மின்சாரமும் மாறவில்லை. மாறியது சீட்டின் தலைப்பில் அச்சிட்ட பெயர்!

பெயர் மாறும் அந்த ஒரு நாளில்தான் சிக்கல் பிறக்கிறது. அன்று மீட்டர் காட்டும் ரீடிங்தான் பழைய கம்பெனிக்கு முற்றுப்புள்ளி. புதிய கம்பெனிக்குப் பிள்ளையார் சுழி. இருவரும் ஒரே எண்ணைத்தான் எழுத வேண்டும். அந்த எண்ணை மீட்டரைப் பாராமல் மதிப்பாக எழுதிவிட்டால்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மீட்டரில் இருப்பது 47,900. பழைய கம்பெனி மதிப்புப் போட்டு 48,300 என்று கணக்கை முடிக்கிறது. புதிய கம்பெனி உள்ளபடி 47,900 என்று தொடங்குகிறது. இடையிலே 400 யூனிட்! அதற்குப் பழையவனும் பணம் கேட்பான், புதியவனும் பணம் கேட்பான். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால், 100 பவுண்டு. ஒரே சோற்றுக்கு இரண்டு உணவு விடுதிக்காரர்கள் பணம் கேட்பது போல!

எரிவாயுவில் இன்னொரு வேடிக்கை. பழைய மீட்டர்கள் கன அடியில் அளப்பவை. அவற்றில் ஓர் எண் நகர்ந்தால் நூறு கன அடி. புதியவை கன மீட்டரில் அளப்பவை. நூறு கன அடி என்பது 2.83 கன மீட்டர். கன மீட்டரில் அளக்கும் கருவியைக் கன அடிக் கருவி என்று கம்பெனியின் ஏட்டில் தவறாகக் குறித்துவிட்டால் போதும். அந்த வீட்டுக்காரர் எரித்ததைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்குக்குப் பணம் கட்டுவார். குளிருக்கு அஞ்சி அடுப்பை மூட்டிய கிழவர், சீட்டைக் கண்டதும் அடுப்பை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் நடுங்குவார். எழுத்தர் செய்த பிழைக்கு ஏழை அனுபவிக்கும் தண்டனை!

இதற்கு அங்கே பரிகாரம் உண்டா? உண்டு. மறைக்காமல் சொல்வோம், நல்லது எங்கிருந்தாலும் போற்றுவது நம் பண்பு.

கடை மாறிய ஆறு வாரத்துக்குள் பழைய கம்பெனி இறுதிச் சீட்டை அனுப்ப வேண்டும். வாடிக்கைக்காரர் பணம் மிச்சமிருந்தால், இறுதிச் சீட்டு அனுப்பிய பத்து வேலை நாட்களில் திருப்பித் தர வேண்டும். தவறினால் இழப்பீடு. கணக்கு தவறென்றால் முதலில் கம்பெனியிடமே முறையிட வேண்டும். எட்டு வாரம் ஆகியும் தீரவில்லை என்றாலோ, "இதற்குமேல் எங்களால் ஆகாது" என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டாலோ, குறைதீர்ப்பாளரிடம் போகலாம். காசு செலவில்லை, வக்கீல் தேவையில்லை. அவர் அளிக்கும் முடிவை வாடிக்கைக்காரர் ஏற்றுக்கொண்டால், அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும். ஏற்காவிட்டால், வழக்கு மன்றத்தின் கதவு அவருக்குத் திறந்தே இருக்கிறது.

இவற்றினும் கூர்மையான விதி 2018 மே மாதம் வந்தது. பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்ட மின்சாரத்துக்கு, உரிய காலத்தில் சரியாகச் சீட்டு அனுப்பத் தவறிய கம்பெனி பின்னாளில் பணம் கேட்க முடியாது. வாடிக்கைக்காரரே மீட்டரைப் பார்க்கவிடாமல் தடுத்திருந்தால் ஒழிய, தூங்கிய கம்பெனி தூங்கிய காலத்துக் காசை மறக்க வேண்டியதுதான்!

இங்கேதான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். இந்தப் பாதுகாப்பைக் கொடுத்தது எது? போட்டியா? இல்லை! ஒழுங்குமுறை ஆணையம் எழுதிய விதி. அதற்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது மக்கள் மன்றம் செய்த சட்டம். 'கடையை மாற்று' என்று சொன்ன சந்தை, கணக்கைத் திருத்தித் தரவில்லை. சட்டம்தான் சந்தையின் காதைத் திருகித் திருத்த வைத்தது.

அந்தச் சந்தையும் பிறகு என்ன ஆயிற்று? 2021-இல் எரிவாயு விலை ஏறியதும் கம்பெனிகள் சீட்டுக்கட்டுக் கோபுரம் போலச் சரிந்தன. அந்த ஆண்டு ஜூலை தொடங்கி 28 கம்பெனிகள் வீழ்ந்தன என்றும், அதற்கான செலவு 270 கோடி பவுண்டு, வாடிக்கைக்காரர் தலைக்கு ஏறத்தாழ 94 பவுண்டு என்றும் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2022-இல் கணக்கிட்டது. கடை நடத்தியவன் கதவைச் சாத்தினான்; கடைப்பக்கமே போகாதவனும் கடன் கட்டினான்!

"வெள்ளைக்காரன் வீட்டு விவகாரம் நமக்கு எதற்கு?" என்று கேட்பவர் உண்டு. சொல்கிறோம். ஒரே கம்பியில் பல கம்பெனிகள் மின்சாரம் விற்க வழி செய்யும் திருத்த மசோதா, 2022 ஆகஸ்ட் 8-ஆம் நாள் டில்லி மக்களவையில் வைக்கப்பட்டது. தமிழ்நாடு எதிர்த்தது, மின் ஊழியர்கள் எதிர்த்தார்கள், மசோதா நிலைக்குழுவுக்குப் போயிற்று, அந்த மக்களவையோடு 2024-இல் காலாவதியும் ஆயிற்று. செத்தது என்று நினைத்தோம். 2025 அக்டோபரில் புதிய வரைவாக மீண்டும் தலைகாட்டியது!

அந்தக் கடைகள் இங்கே வந்தால், நம் வீட்டுக்காரருக்குக் கையில் என்ன கேடயம் இருக்கிறது? 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட பாக்கியை, தொடர்ந்து சீட்டில் காட்டி வராவிட்டால், வசூலிக்க முடியாது என்கிறது. கேட்க இனிக்கிறது! ஆனால் 2020-இல் உச்ச நீதிமன்றம் தந்த விளக்கம் என்ன? சீட்டு அனுப்பிய பிறகே அந்த இரண்டு ஆண்டு தொடங்கும். கணக்கில் பிழை இருந்ததைப் பிறகு கண்டுபிடித்தால், இரண்டு ஆண்டு கழித்தும் கூடுதல் தொகை கேட்கலாம். அதற்காக இணைப்பைத் துண்டிக்க மட்டும் கூடாது. அங்கே, பன்னிரண்டு மாதம் தூங்கிய கம்பெனி காசை இழக்கும். இங்கே, தூங்கி எழுந்தவன் சீட்டு நீட்டலாம்!

ஒரே வாரியம் இருக்கும்போது, சண்டை போடவாவது ஒரே வாசல் இருக்கிறது. உதவிப் பொறியாளர் அலுவலகம் எது என்று ஊரிலுள்ள ஒவ்வொருவருக்கும் தெரியும். தவறு செய்தால் சட்டமன்றத்தில் அமைச்சரை எழுப்பிக் கேட்கலாம். தேர்தலில் கணக்குத் தீர்க்கலாம். நான்கு கம்பெனிகள் வந்தால்? "அது பழைய கம்பெனி பார்த்த ரீடிங்" என்பான் புதியவன். "நீங்கள்தான் எங்களைவிட்டுப் போய்விட்டீர்களே" என்பான் பழையவன். இருவருக்கும் நடுவே, சீட்டும் கையுமாக நிற்பான் நம் நெசவாளத் தோழன்.

ஆகவே சொல்கிறோம்: மின்சாரம் மக்கள் சொத்தாக, மாநிலத்தின் பொறுப்பிலே இருக்க வேண்டும். இது நம் கொள்கை. அதையும் மீறிப் பல கடைகளைத் திறப்போம் என்று டில்லி பிடிவாதம் பிடித்தால், கடைக்கு முன்னே காவல் வரட்டும்! ஓராண்டுக்கு மேற்பட்ட தவறிய பாக்கி செல்லாது என்ற சட்டம் வரட்டும். இரு கம்பெனிக்கும் ஒரே ரீடிங் என்ற விதி வரட்டும். வழக்கு முடியும்வரை விளக்கை அணைக்க முடியாது என்ற உறுதி வரட்டும். தமிழிலே எழுதிய முறையீட்டுக்குத் தமிழிலே பதில் வரட்டும்!

அதுவரை நம் தாய்மார்கள் ஒன்று செய்யட்டும். மீட்டர் பார்க்க ஆள் வரும் நாளில், அட்டையில் எழுதும் எண்ணும் மீட்டரில் தெரியும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். தேதியோடு குறித்து வையுங்கள்; கைப்பேசி இருந்தால் படமும் எடுத்து வையுங்கள். கம்பெனியின் கணக்குக்கு எதிரே நிற்கக் கூடியது குடிமகனின் கணக்கு ஒன்றுதான்.

கடையை மாற்றுவது சலுகை. கணக்கைக் கேட்பது உரிமை. சலுகையைக் காட்டி உரிமையைப் பறிக்க ஒருநாளும் ஒப்போம்!