கூடாரமா, கேரவனா? குடும்பத்தோடு கிளம்பும் முன் ஒரு நிமிஷம்!

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நாவலூரில் உள்ள என் கிளினிக்குக்கு ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி இருவருக்கும் ஓ.எம்.ஆர். ரோட்டில் கம்ப்யூட்டர் வேலை. எட்டு வயசுப் பையனுக்கு வீசிங் தொந்தரவு. கூடவே பாட்டி. அவருக்குச் சர்க்கரை, மூட்டுவலி இரண்டும் உண்டு. மருந்து வாங்க வந்தவர்கள், என் எதிரிலேயே சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்!

“லீவுக்கு மலைக்குப் போறோம் சார். டென்ட் போட்டுத் தங்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை” என்றார் கணவர்.

“பூச்சி பொட்டு வரும் சார். இப்பதான் கேரவன் வாடகைக்குக் கிடைக்குதே! கட்டில், பாத்ரூம், ஏ.சி. எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கு. நான் அதுலதான் வருவேன்” என்றார் மனைவி.

பாட்டி மெதுவாக வாயைத் திறந்தார். “எதுல போனா என்ன டாக்டர் தம்பி... எனக்கு ராத்திரி நாலு தடவை எந்திரிக்கணும். அதுக்கு என்ன வழின்னு இவங்க ரெண்டு பேரும் யோசிக்கவே இல்லையே!”

நாடி பிடிக்க வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குப் பட்டது. வாடகை எவ்வளவு, போட்டோ எப்படி வரும் என்று பார்க்கிறோம். யார் யார் வருகிறார்கள், அவர்கள் உடம்பு எதைத் தாங்கும் என்று பார்ப்பதில்லை.

நமக்கு இது புதுசா?

டென்ட் என்றதும் ஏதோ வெள்ளைக்காரன் கொண்டு வந்தது என்று நினைக்க வேண்டாம். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். பல மாவட்டங்களில் இருந்து வரும் இருளர் குடும்பங்கள் குச்சி நட்டு, சேலையும் தார்ப்பாயும் கட்டி, மணலிலேயே தங்குவார்கள். விடியற்காலையில் கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே கல்யாணம் பேசி முடிப்பதும் உண்டு. அதைவிடப் பெரிய கூடார முகாம் நம் பக்கத்தில் ஏது?

கேரவனும் அப்படித்தான். நம் தாத்தா பாட்டி கூண்டு வண்டி கட்டிக் குலதெய்வம் கோயிலுக்குப் போனார்களே, அது என்ன? உள்ளே வைக்கோல் மெத்தை, மேலே ஜமுக்காளம், பின்னால் கட்டுச்சோற்று மூட்டை. ராத்திரி மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டியிலேயே தூக்கம். கூண்டு வண்டிக்கு இரண்டு பக்கமும் திறப்பு இருந்தது என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சினிமா ஷூட்டிங்கில் மட்டும் பார்த்த கேரவன் இப்போது சுற்றுலாவுக்கும் வந்துவிட்டது. கேரள அரசு 2021-ல் இதற்கென்றே ஒரு திட்டம் கொண்டு வந்தது. 2022-ல் வாகமணில் கேரவன்கள் நிற்பதற்கான பூங்கா திறக்கப்பட்டது.

கூடாரத்தில் கவனிக்க வேண்டியவை

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பொழுது சாய்ந்ததும் தூக்கம், பொழுது விடிந்ததும் விழிப்பு, கண் எதிரே மரம், செடி, கொடி. செல்போன் வெளிச்சத்தில் ராத்திரி ஒரு மணிவரை விழித்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் இப்படி இருந்தால் தூக்கம் சீராகும். காற்றோட்டமும் நன்றாக இருக்கும்.

ஆனால் மலை என்பது குறிஞ்சி நிலம். குறிஞ்சியில் காய்ச்சலும் வயிற்றுக் கட்டியும் வரும், வயலும் வாய்க்காலும் உள்ள மருதமே உடம்புக்கு உகந்தது என்று சித்த மருத்துவ நூல்கள் நிலத்தை வைத்தே நோயைப் பிரித்திருக்கின்றன. இன்றைய மருத்துவம் இதையே கொசு, உண்ணி, பூச்சி என்று பெயர் சொல்லிக் காட்டுகிறது.

அதில் முக்கியமானது ‘ஸ்க்ரப் டைபஸ்’. புதர்களில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத சின்னப் பூச்சி கடிப்பதால் வரும் காய்ச்சல். தமிழ்நாட்டில் மழை, குளிர் மாதங்களில் அதிகம் பார்க்கிறோம். கடித்த பத்து நாள் வாக்கில் கடும் காய்ச்சல், தலைவலி வரும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் புண் இருக்கலாம். ஊர் திரும்பிய மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், “நாங்க காட்டுல தங்கினோம்” என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ‘டாக்ஸிசைக்ளின்’ போன்ற மருந்தைச் சீக்கிரம் ஆரம்பித்தால் குணமாகிவிடும். நிலவேம்புக் கஷாயம் குடித்துப் பார்க்கலாம் என்று நாளைக் கடத்தாதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்!

இன்னொன்று கட்டுவிரியன். ராத்திரி நடமாடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவர்களைக் கடித்தால் பெரிதாக வலிகூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை தானாகச் செருகுவது, பேச்சுக் குழறுவது என்று ஆரம்பிக்கும். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. விஷமுறிவு மருந்து தயாரிக்க அங்கிருந்துதான் விஷம் போகிறது. அந்த மருந்து ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும். பச்சிலை, மந்திரம் எதுவும் அதற்கு ஈடாகாது. ஆகவே அடிப்பாகம் சேர்த்துத் தைத்த, முழுக்க ஜிப் மூடக்கூடிய கூடாரமாகப் பாருங்கள். அதற்குள் தரையின் குளிர் ஏறாமல் தடிமனான மெத்தை விரிப்பும், அதன் மேல் நம் கோரைப்பாயும் போதும். சாப்பாட்டுப் பண்டத்தை உள்ளே வைக்கக் கூடாது. அது எலியை இழுக்கும், எலி பாம்பை இழுக்கும்.

தங்கும் இடமும் அனுமதி பெற்றதாக இருக்க வேண்டும். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே கூடாரத்தில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. யானை நடக்கும் வழியில் ஜிப் போட்டு என்ன பிரயோஜனம்?

கேரவனில் கவனிக்க வேண்டியவை

கேரவனின் பெரிய வசதி கழிப்பறை. இதைச் சிலர் ஆடம்பரம் என்று சிரிப்பார்கள். அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்று சித்த மருத்துவம் சொல்கிறது. மலம், சிறுநீர் இரண்டும் அதில் சேர்த்தி. பயணம் என்றாலே நம் வீட்டுப் பெண்கள் காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். “இறங்க இடம் இருக்காது சார்” என்பார்கள். ஊர் திரும்பியதும் நீர்க்கடுப்பு என்று என்னிடம் வருவார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு, கர்ப்பிணிகளுக்கு இது சாதாரண விஷயமே இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே பாட்டி உள்ள குடும்பத்துக்குக் கேரவன் நல்லது.

தொந்தரவுகளும் உண்டு. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, ஏலகிரிக்கு 14. பெரிய வண்டி ஒவ்வொரு வளைவிலும் ஆடும். வாந்தி வருபவர்கள் பின்பக்கக் கட்டிலில் படுத்துக்கொண்டு போகக் கூடாது. முன்பக்கம் உட்கார்ந்து தூரத்தில் தெரியும் மலையைப் பார்க்க வேண்டும். வயிறு முட்டத் தின்னாமல், இஞ்சித் துண்டோ நார்த்தங்காய் ஊறுகாயோ வாயில் அடக்கிக்கொண்டால் போதும். வண்டி ஓடும்போது குழந்தையைக் கட்டிலில் படுக்க வைக்காமல் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள்.

வண்டிக்குள் அடுப்பு மூட்டுவது அடுத்த ஆபத்து. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். விதியை மீறி உள்ளே கொண்டு வந்த கேஸ் சிலிண்டரால் 9 பேர் உயிர் போயிற்று. சமையலை வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

வாசனை இல்லாத எமன்

இப்போது நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஜனங்கள் காட்டிலேயே குடில் போட்டுத் தங்குவார்கள். நாங்களும் நண்பர்கள் நாலு பேர் ஒரு கூடாரத்தோடு கிளம்பினோம். மூலிகையும் பார்த்த மாதிரி, சாமியும் கும்பிட்ட மாதிரி!

ராத்திரி சாரல் பிடித்துக்கொண்டது. குளிர் தாங்காமல் கரி அடுப்பை உள்ளே இழுத்து வைத்து, கூடாரத்தை இறுக மூடினோம். கொஞ்ச நேரத்தில் ஒருத்தனுக்குத் தலைவலி. அப்புறம் வாந்தி. “பித்தம்டா” என்றேன், பெரிய வைத்தியன் மாதிரி! சுக்குக் கஷாயம் கொடுத்து, போர்த்திப் படுக்க வைத்தேன். எனக்கும் தலை கனத்தது. தூக்கம் என்று நினைத்தேன்.

பக்கத்துக் குடிலில் இருந்த காணிக்காரப் பெரியவர் எதற்கோ வந்தவர், கூடாரத்தைப் பிய்த்துத் திறந்து, எங்களை ஒவ்வொருவராக மழையில் இழுத்துப் போட்டார். “கங்கை உள்ள வச்சுக்கிட்டு எவனாச்சும் உறங்குவானாலே?” என்று திட்டினார். விடிந்தபோது நாலு பேரும் உயிரோடு இருந்தோம். அவர் வராமல் போயிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத ஆள் இல்லை.

கரி, விறகு, பெட்ரோல், டீசல் எது எரிந்தாலும் ‘கார்பன் மோனாக்சைடு’ என்ற வாயு வரும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயுவை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று பித்தம் போலவே ஆரம்பிக்கும். தூங்கினால் எழுந்திருக்க மாட்டோம்.

2024-ல் கொடைக்கானலில் கறி சுட்ட கரி அடுப்பை விடுதி அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிய இரண்டு பேர் இறந்தார்கள். 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரை அருகே சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை உள்ளே கசிந்ததுதான் காரணம் என்று ஆய்வில் தெரிய வந்தது.

கூண்டு வண்டியின் இரண்டு பக்கத் திறப்பைச் சொன்னேனே, இதற்காகத்தான். கூடாரமோ கேரவனோ, காற்று வர ஒரு வழி, போக ஒரு வழி எப்போதும் இருக்கட்டும். கங்கு உள்ளே வேண்டாம். என்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு உள்ளே தூங்க வேண்டாம். இந்த வாயு இருந்தால் சத்தம் போடும் கருவி கடையில் கிடைக்கிறது. கேரவனில் அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஒரே இடத்தில் இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி வந்தால், கஷாயம் தேடாதீர்கள். வெளியே ஓடுங்கள்! அப்புறம் ஆஸ்பத்திரி.

யாருக்கு எது?

* ஆரோக்கியமான இளவயதினர், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள்: கூடாரம். மழைக்காலம் வேண்டாம்.
* முதியவர், கர்ப்பிணி, சர்க்கரை, மூட்டுவலி உள்ளவர்கள்: கேரவன். ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டம் வேண்டாம். இரண்டு மணிக்கு ஒரு தடவை இறங்கி நடக்க வேண்டும்.
* வீசிங் உள்ளவர்கள்: கூடாரத்தின் ஈரப்பதமும் விறகுப் புகையும் ஆகாது. கேரவனிலும் ஏ.சி. பில்டர் சுத்தமாக இருக்க வேண்டும். இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.
* எல்லோருக்கும்: கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், முழுக்கைச் சட்டை, டார்ச் லைட், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், சுக்கு மல்லிப் பொடி, ஓமம், உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட். பக்கத்து அரசு ஆஸ்பத்திரி எங்கே என்பதைக் கிளம்பும் முன்பே விசாரித்து வையுங்கள். அவசரத்துக்கு 108.

அப்புறம் அந்தக் குடும்பம்?

கேரவனில் ஏலகிரி போனார்கள். ராத்திரி பாட்டியும் மருமகளும் பேரனும் வண்டிக்குள். கணவர் மட்டும் பக்கத்திலேயே ஒரு சின்னக் கூடாரம் போட்டுப் படுத்தாராம். திரும்பி வந்ததும் பாட்டி என்னிடம் சொன்னார்: “ராத்திரி பன்னெண்டு மணிக்கு இவன் கரி அடுப்பை டென்டுக்குள்ள இழுத்தான் தம்பி. நான் பாத்ரூம் போக எந்திரிச்சவ, பாத்துட்டேன். போட்டேன் பாருங்க ஒரு சத்தம்!”

நாலு தடவை எழுந்திருக்கும் பாட்டியைத் தொந்தரவு என்று நினைத்தார்கள். கடைசியில் காவல் காத்தது அவர்தான்!