கடலுக்குள் எந்த விளக்கு?

சிலிம் ரிவரில் கடல் கிடையாது. ஓர் ஆறு, ஒரு ரயில் நிலையம், ஒரு காலத்தில் ரப்பராக இருந்து இப்போது செம்பனையாக மாறிவிட்ட தோட்டங்கள். அதனால், போன விடுமுறையில் நண்பர்களோடு பெர்ஹெந்தியான் தீவுக்குக் கிளம்பியபோது பாட்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கடலுக்கு அடியில என்ன இருக்குன்னு படம் புடிச்சிட்டு வாம்மா." பாட்டிக்கு 76 வயது. கடற்கரையில் நின்றிருக்கிறார், கடலுக்குள் பார்த்ததில்லை.

தோழியிடம் கோப்ரோ கேமராவை இரவல் வாங்கினேன். டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில், இணையக் கடை ஒன்றில் 89 ரிங்கிட்டுக்கு ஒரு குட்டி விளக்கு. பெட்டியில் '10,000 லூமன்' என்று போட்டிருந்தது. வழிகாட்டியோடு இரவு ஸ்நோர்க்கலுக்குப் போனோம். விளக்கைக் கேமராவின் தலையிலேயே மாட்டிக்கொண்டேன். அன்று மாலை மழை பெய்து நீர் சற்றுக் கலங்கியிருந்தது. அறைக்கு வந்து பார்த்தால், காணொளி முழுக்க வெள்ளைப் புள்ளிகள். நடுவில் ஒரு வெள்ளை வட்டம், சுற்றிலும் இருட்டு. பவளப்பாறை எங்கே, மீன் எங்கே?

வீட்டில் பாட்டியிடம் காட்ட வெட்கமாக இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பனியில வெளக்கு அடிச்ச மாதிரி இருக்கு" என்றார். தோட்டத்தில் பெரட்டு முடிந்ததும் இருட்டோடு பால்மரம் வெட்டப் போகும்போது நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொள்வார்களாம். பனி கனமாக இறங்கிய நாளில் நெற்றி விளக்கு மரத்தைக் காட்டாது. கண்ணுக்கு முன்னால் வெள்ளையாகத்தான் தெரியும். "அவுத்துக் கையில எடுத்து, கீழ பக்கவாட்டுல புடிச்சாத்தான் பட்டை தெரியும்."

நீருக்குள்ளும் இதே கதைதான். கண்ணும் விளக்கும் ஒரே இடத்தில் இருந்தால், இடையில் மிதக்கும் ஒவ்வொரு துகளும் ஒளியை நேராகக் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். விளக்கைக் கேமராவிலிருந்து தள்ளி, ஒரு கை நீளத்திற்குப் பக்கவாட்டில் வைத்தால், லென்சுக்கு முன்னால் உள்ள துகள்கள் இருட்டிலேயே இருக்கும். மீன் மட்டும் வெளிச்சத்தில் நிற்கும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பயணமே செலவாகிவிட்டது. ஆகவே விளக்கு வாங்குவதற்கு முன், அதைப் பிடிக்க ஒரு நீட்டுக்கை வாங்குங்கள்.

பிறகு அந்த 10,000 லூமனைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். அப்படியானால் 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். என் விளக்கில் இருந்தது ஒரே ஒரு மின்கலம்: 3.7 வோல்ட், 2,600 மில்லிஆம்பியர்-மணி. பெருக்கினால் 9.6 வாட்-மணி. 100 வாட்டுக்கு அது ஆறு நிமிடம்கூடத் தாங்காது. என் விளக்கோ ஒரு மணி நேரம் எரிந்தது. அதன் உண்மையான வெளிச்சம் ஏறக்குறைய 1,000 லூமன்தான். படிவம் நான்கில் படித்த பெருக்கலைக் கடையில் ஒரு நிமிடம் செய்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டேன்.

1,000 லூமன் மோசமும் இல்லை. ஒரு மீட்டருக்குள் இருக்கும் நண்டையோ மீனையோ படமெடுக்க அது போதும். குறை கோணத்தில் இருந்தது. டார்ச் லைட் போல ஒளியை நடுவில் குவிக்கும் விளக்கு காணொளிக்கு ஆகாது. சமமாகப் பரப்பும் விளக்கு வேண்டும். பெட்டியில் உள்ள கோணத்தையும் அப்படியே நம்பாதீர்கள். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. தட்டையான கண்ணாடி வழியே காற்றில் 100 பாகைக்கு விரியும் ஒளி, நீருக்குள் சுமார் 70 பாகைக்குச் சுருங்கிவிடும். கோணம் நீரில் அளந்ததா, காற்றில் அளந்ததா என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் வேறு கடை பாருங்கள்.

பகலில் எதற்கு விளக்கு என்று தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. ஐந்து மீட்டர் ஆழத்திலேயே அது பெருமளவு மங்கிவிடும். நீலம்தான் ஆழம்வரை போகும். திருச்சியில் பிறந்த சர் சி.வி. இராமன் 1921-இல் கப்பலில் நாடு திரும்பும்போது, கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதானா என்று ஒரு பட்டகத்தை வைத்துச் சோதித்தார். மேற்பரப்பின் பிரதிபலிப்பை நீக்கியும் நீலம் போகவில்லை. அந்தத் தேடல்தான் 1930-இல் நோபல் பரிசு வரை அவரைக் கொண்டுபோனது. நம் விளக்கின் வேலை, தொலைந்த சிவப்பை அருகில் கொண்டுபோய்த் திருப்பித் தருவதுதான். பகலில் இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் மட்டும் மிதக்கப் போகிறவர் விளக்கே வாங்க வேண்டாம். சூரியன் இலவசம்.

விமானத்தில் போகிறவர்கள் உதிரி லித்தியம் மின்கலங்களைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும்; சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. பொதுவாக ஒன்றுக்கு 100 வாட்-மணி வரை அனுமதி. குட்டி விளக்கின் மின்கலம் இருபதைக்கூடத் தொடாது. முனைகளில் டேப் ஒட்டுங்கள். விளக்கிலிருந்தும் மின்கலத்தைக் கழற்றிவிடுங்கள்: நீரால் குளிரும்படி செய்யப்பட்ட பொருள், பைக்குள் தானாக எரிந்தால் கொதித்துவிடும். ரப்பர் வளையத்தில் ஒரு முடி, ஒரு மணல் சிக்கினாலும் நீர் புகுந்துவிடும். 'வாட்டர்புரூஃப்' என்ற சொல் மட்டும் போதாது, எத்தனை மீட்டர் என்று எண் இருக்க வேண்டும்.

கரையில் ஆமை முட்டையிட ஏறும் இரவில் எந்த விளக்கையும் அடிக்காதீர்கள். வெளிச்சத்தைப் பார்த்தால் அது முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடலாம்.

இப்போது 1,500 லூமனில், பரந்த கோணத்தில், 60 மீட்டர் ஆழம் தாங்கும் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். இன்னும் மூன்று மாத டியூஷன் பணம் வேண்டும். கிழக்குக்கரையில் பருவமழை முடியவும் அதற்கும் சரியாக இருக்கும். பாட்டி நேற்று, "மீனெல்லாம் ராத்திரி தூங்குமா?" என்று கேட்டார். சில கிளிமீன்கள் தம்மைச் சுற்றிக் கூடு மாதிரி ஒரு சவ்வைச் சுரந்துகொண்டு அதற்குள் தூங்கும் என்றேன். நம்பவில்லை. "படம் புடிச்சிட்டு வா, பார்ப்போம். வெளக்கை அது மூஞ்சில அடிக்காத."