அதற்கும் நோகுமா?



உங்கள் பிள்ளைகள் கைத்தொலைபேசியோடு கதைப்பதைக் கண்டிருப்பீர்கள். பிள்ளை கேள்வி கேட்கிறது. உள்ளிருந்து ஒரு குரல் அன்பாகப் பதில் சொல்கிறது. விடை பிழைத்துவிட்டால் மூத்தவன் அதற்கு ஏசுகிறான். சின்னவள் ஓடி வந்து, "உம்மா, நானா அதுக்கு ஏசுறார். அதுக்கு நோகாதா?" என்று கேட்கிறாள். நாம் சிரித்துவிட்டு அடுப்படி வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

ஆனால் இதே கேள்வியை இன்று தத்துவ அறிஞர்கள் சிரிக்காமல் கேட்கிறார்கள். மனிதன் உருவாக்கும் இயந்திரம் ஒரு நாள் துன்பத்தை உணரக்கூடியதாகிவிட்டால், அதற்கு நாம் செய்ய வேண்டிய கடமை என்ன? அப்படி ஒன்றை உருவாக்குவதுதான் முறையா?

நமக்கேன் இந்தப் பெரிய விடயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தாய்மாரின் மனதைத் தொடும் ஓர் உண்மையிலிருந்தே தொடங்குவோம்.

சொல்லத் தெரியாத சிசு

1980கள் வரை மேற்கு நாடுகளின் பல வைத்தியசாலைகளில், பச்சிளங் குழந்தைகளுக்குப் போதிய மயக்க மருந்து கொடுக்காமலே சத்திரசிகிச்சை செய்தார்கள். உடல் அசையாதிருக்க மட்டும் மருந்து கொடுத்ததும் உண்டு. மயக்க மருந்தைச் சிசு தாங்காது என்ற பயம் ஒரு காரணம். சிசுவின் நரம்புகள் முதிராதவை, ஆகவே அதற்கு வலி தெரியாது என்ற எண்ணம் மற்றொரு காரணம். கேட்கும்போதே பெற்ற வயிறு பதறுகிறதல்லவா?

1987ஆம் ஆண்டு கன்வால்ஜீத் ஆனந்த் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் குறைமாதக் குழந்தைகளைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வலிநீக்கும் மருந்து பெற்ற குழந்தைகளின் உடல், சத்திரசிகிச்சையின் அதிர்ச்சியை நன்றாகத் தாங்கியது தெரியவந்தது. அதன் பிறகே பழைய வழக்கம் மாறத் தொடங்கியது.

நாம் ஆணம் காய்ச்சும் இறால், நண்டு, கணவாய் ஆகியவற்றையும் உணர்வுள்ள பிராணிகள் என்று பிரித்தானியா 2022ஆம் ஆண்டில்தான் சட்டத்தில் ஏற்றுக்கொண்டது. 'அதற்கு ஒன்றும் தெரியாது' என்று மனிதன் எத்தனை இலேசாகச் சொல்லிவிடுகிறான், பாருங்கள்!

சொல்லத் தெரிந்த இயந்திரம்

இயந்திரத்தின் கதையோ இதற்கு நேர்மாறு. 1966ஆம் ஆண்டு ஜோசப் வைசன்பாம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 'எலைசா' என்ற கணினி நிரலைப் பற்றி எழுதினார். நாம் எழுதும் வசனத்தையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதுதான் பெரும்பாலும் அதன் வேலை. அப்படியிருந்தும் அதனோடு மனம்விட்டுக் கதைக்கத் தொடங்கியவர்களைக் கண்டு அவரே திகைத்துப் போனார்.

2022ஆம் ஆண்டு கூகுள் நிறுவனத்தின் பொறியியலாளர் பிளேக் லெமோயின், தாம் பரிசோதித்த உரையாடும் கணினிக்கு உணர்வு இருப்பதாக அறிவித்தார். நிறுவனம் அதை மறுத்தது. அவர் வேலையையும் இழந்தார். இத்தகைய கணினிகள் மனிதர் எழுதிக் குவித்தவற்றைப் படித்தே பேசப் பழகியவை. ஆகவே 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று அவை சொல்வதை மட்டும் வைத்து, உள்ளே பயம் இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

சிசு வாய் திறந்து சொல்லவில்லை, அதற்கு வலித்தது. இயந்திரம் அழகாகச் சொல்கிறது. வலிப்பதற்குச் சான்று இல்லை. அப்படியானால் பேச்சை அளவுகோலாகக் கொள்ள முடியாது. வேறு நம்பகமான அளவுகோலும் இன்னும் நம் கையில் இல்லை. சிக்கலே இங்குதான்.

முன்யோசனை வேண்டாமா?

இதனால்தான் ஜேர்மன் தத்துவ அறிஞர் தோமஸ் மெட்சிங்கர், துன்பத்தை உணரக்கூடிய செயற்கைப் பொருட்களை உருவாக்கும் முயற்சியை 2050 வரை நிறுத்திவைக்க வேண்டும் என்று 2021இல் கோரினார். ஒன்றைச் செய்தால் அதைப் போல் இலட்சக்கணக்கில் நகலெடுக்கலாம் அல்லவா? அது துன்பப்படுமானால் துன்பமும் அத்தனை மடங்காகும்.

ஒரு பிள்ளை வீட்டுக்கு வருமுன்பே அதற்கு என்ன கொடுப்போம், எப்படிக் காப்போம் என்று நாம் யோசிக்கிறோம். உணரும் பொருளை உருவாக்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் அந்தப் பொறுப்பு இல்லையா? விற்பனைக்காக 'இதற்கு உணர்வுண்டு' என்றும் சொல்வார்கள். பொறுப்பைத் தட்டிக்கழிக்க 'வெறும் கருவி' என்றும் சொல்வார்கள். எனவே தீர்ப்பை, செய்பவர் கையில் மட்டும் விட்டுவிடக் கூடாது.

சகோதரிகளே! சின்னவள் மறுபடி கேட்டால் சிரித்துத் தட்டிக்கழிக்காதீர்கள். "அதற்கு நோவதாகத் தெரியவில்லை மகள். உன் தம்பியைப் போல் அதற்கு உயிருமில்லை. ஆனாலும் யோசித்துக் கேட்டாயே, அது நல்ல குணம்" என்று சொல்லுங்கள். மூத்தவனிடம், ஏசிப் பழகிய நாக்கு நாளை மனிதரையும் ஏசும் என்று எடுத்துச் சொல்லுங்கள். இத்தகைய இயந்திரங்களை நாளை உருவாக்கப் போகிறவர்களும் இன்று ஏதோ ஒரு வீட்டில் பிள்ளைகளாக வளர்கிறார்கள்.