அளந்து குத்தும் ஊசியும் ஆறத் தெரிந்த தோலும்

தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய உப்பளங்களில் வெயில் மனிதத் தோலின்மீது இருமுறை படுகிறது: வானிலிருந்து நேராக இறங்குவது ஒன்று, பாத்தியில் விளைந்த வெள்ளை உப்பில் பட்டு மேல்நோக்கித் திரும்புவது மற்றொன்று. தலையில் சுற்றிய துண்டு நெற்றிக்கு நிழல் தந்தாலும், குனிந்து உப்பு வாருவோரின் தாடைக்கும் கழுத்துக்கும் கீழிருந்து வரும் ஒளியை அது தடுப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் இவ்வாறு வெயில் ஏற்ற தோல் தடித்து, சுருங்கி, திட்டுத்திட்டாகக் கறுப்பதை மருத்துவர்கள் ஒளிமுதுமை என்கின்றனர். வயதால் மட்டும் வரும் முதுமையிலிருந்து இதனைப் பிரித்தறிய, ஒருவரின் புறங்கைத் தோலை அவருடைய வயிற்றுத் தோலோடு ஒப்பிட்டாலே போதும்.

இந்தச் சிதைவின் வேர் ஆழத்தில் இருக்கிறது. முகத்தின் மேல்தோல் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிப்பே உடையது. அதன் கீழுள்ள உள்தோலில்தான் கொலாஜன் என்னும் புரத இழைகள் பாய்முடைந்தாற்போலப் பின்னிக் கிடந்து தோலுக்கு உறுதியைத் தருகின்றன. சூரியனின் புற ஊதாக் கதிர்களில் நீண்ட அலையுடையவை உள்தோல்வரை சென்று, கொலாஜனை அறுக்கும் நொதிகளைத் தூண்டுவதோடு, அதனை உற்பத்தி செய்யும் நாரிழைச் செல்களையும் தளரச் செய்கின்றன. கறுத்த தோலின் மெலனின் நிறமி இக்கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துக்கொண்டாலும், முழுவதையும் தடுப்பதில்லை.

சிதைந்த பாயைத் தோலே மீண்டும் முடையும்படி தூண்டுவதுதான் மைக்ரோநீட்லிங் எனப்படும் நுண்ணூசிச் சிகிச்சை. 1997இல் கனடாவைச் சேர்ந்த கமிரான், டூசே ஆகிய மருத்துவர்கள், பச்சை குத்தும் கருவியை மையின்றித் தழும்புகளின்மீது இயக்கி, அவை மிருதுவாவதைப் பதிவுசெய்தனர். பின்னர் தென்னாப்பிரிக்க அறுவை மருத்துவர் டெஸ் பெர்னாண்டஸ், ஊசிகள் பதித்த உருளையாக அதனை வளர்த்தெடுத்தார். டெர்மாரோலர் எனப்படும் இவ்வுருளையின் வழக்கமான வடிவத்தில் 192 ஊசிகள் இருக்கும். அவற்றின் நீளம் பெரும்பாலும் 0.5 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை.

மரத்துப்போகச் செய்யும் களிம்பைப் பூசிக் காத்திருந்தபின், தோலை இழுத்துப் பிடித்து, நெடுக்கும் குறுக்கும் சாய்வுமாக மருத்துவர் உருளையை ஓட்டும்போது, பனித்துளிபோல் இரத்தம் முகிழ்க்கிறது. அத்துளியிலுள்ள தட்டணுக்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் நாரிழைச் செல்களைக் காயத்துக்கு அழைத்துவர, அவை முதலில் தளர்ந்த, இளகிய வகைக் கொலாஜனை இட்டு, மாதக்கணக்கில் அதனை உறுதியான வகையாக மாற்றி அமைக்கின்றன. ஊசித்துளைகளோ ஓரிரு நாளில் மூடிவிடுகின்றன. காயம் சிறிது, அது தூண்டும் வேலை பெரிது என்பதே இச்சிகிச்சையின் நுட்பம்.

அளந்து கீறி உயிரை வேலைவாங்கும் கலை தூத்துக்குடிக்குப் புதிதன்று. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமியும் குழுவினரும் 1973இல் இங்குதான் இந்தியாவின் முதல் வளர்ப்பு உருண்டை முத்தை உருவாக்கினர். முத்துச்சிப்பியின் உடலில் சிறு கீறலிட்டு, ஓட்டிலிருந்து கடைந்தெடுத்த மணியோடு, இன்னொரு சிப்பியின் ஓடு சுரக்கும் சவ்வில் வெட்டிய துண்டையும் வைத்தால், அத்துண்டின் செல்கள் மணியைச் சூழ்ந்து பையாகப் பெருகி, முத்துப்பொருளை அடுக்கடுக்காகச் சுரக்கின்றன. கீறல் தவறினால் சிப்பி மணியை வெளித்தள்ளிவிடும் அல்லது மடியும். எனினும் வேறுபாடு ஒன்றுண்டு: சிப்பியில் வைத்த மணி உள்ளேயே தங்க, அதன்மேல் புதுப்பொருள் படிகிறது, தோலிலோ ஊசி எதையும் விட்டுச்செல்வதில்லை, ஆறும் முயற்சி மட்டுமே எஞ்சுகிறது.

மேல்தோலைச் சுட்டு அகற்றும் சில லேசர் முறைகள், நிறமி மிகுந்த தோலில் கரும்படலத்தை விட்டுச்செல்வதுண்டு. நுண்ணூசி மேல்தோலைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைப்பதால், தமிழர் போன்றோரின் தோலுக்கு அந்த ஆபத்து குறைவு. காஷ்மீரைச் சேர்ந்த தோல் மருத்துவர் இம்ரான் மஜீத் 2009இல் வெளியிட்ட ஆய்வில், குழித்தழும்புச் சிகிச்சையை நிறைவுசெய்த 36 பேரில் 34 பேருக்குத் தழும்பின் கடுமை ஓரிரு படிநிலைகள் தணிந்திருந்தது. பருக்குழிகளுக்கும் மெல்லிய சுருக்கங்களுக்கும் பயன்படும் இம்முறை, தொங்கிய தோலைத் தூக்கி நிறுத்தாது; சீழ்ப்பருவோ அக்கியோ உள்ளபோதும், தழும்பு தடித்துப் புடைக்கும் கீலாய்டு இயல்புடையோருக்கும் இது தவிர்க்கப்படுகிறது.

தூய்மை தவறினால் துளைகளே நோயின் வாசலாகும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமமற்ற அழகு நிலையமொன்றில், சொந்த இரத்தக்கூற்றைப் பூசும் நுண்ணூசிச் சிகிச்சை பெற்ற பெண்களுக்கு எச்ஐவி தொற்றியதை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2024இல் அறிவித்தது. இணையத்தில் வாங்கிய உருளையை வீட்டில் பலர் பகிர்வதும் இவ்வகை ஆபத்தே.

நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் சில அமர்வுகள், அதன்பின் கொலாஜன் முதிர மேலும் பல மாதங்கள் என நீளும் இச்சிகிச்சையின் காலமும், உப்பு விளையும் பருவமும் ஏறக்குறைய ஒத்த நீளமுடையவை. ஊசி தூண்டி முடைந்த பாயை அதே காலத்தில் பாத்தியின் வெயில் மறுபுறமிருந்து அறுத்துக்கொண்டிருக்குமாயின் பயன் நிலைக்காது. ஆகவே அகன்ற விளிம்புத் தொப்பி, கழுத்தை மூடும் துணி, நண்பகலில் ஒதுங்க ஒரு கொட்டகை ஆகியவையே உப்பளத்துத் தோலுக்கு முதல் மருந்து. ஊசிக்கு இடம் அவற்றின் பின்னரே.