மல்லாட்டையும் தப்பிய எழுத்தும்

கோட்டக்குப்பத்தில் சாயங்காலம் மணலில் வறுபடும் மல்லாட்டை (நிலக்கடலை), செடியில் காய்த்தபோது தன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுத்து எடுத்துத்தான் வளர்ந்தது. அதன் ஒரு டி.என்.ஏ. தொகுதியில் மட்டும் சுமார் 250 கோடி எழுத்துகள். எழுத்துக் கோக்கும் பாலிமரேஸ் என்சைம் ஏறத்தாழ லட்சத்துக்கு ஒன்றைத் தப்பாகச் சேர்க்கும். அப்படியே விட்டால் ஒரு பிரதிக்கு 25,000 பிழை. ஆனால் அந்த என்சைமே ஓரடி பின்வாங்கி, தப்பானதை வெட்டிவிடுகிறது. அதற்கும் தப்பியதை, பொருந்தாத ஜோடிகளைத் தேடும் புரதங்கள் பிடிக்கின்றன. முடிவில் மிஞ்சுவது 100 கோடிக்கு ஒன்று என்ற அளவே. இந்தக் கடைசிக் காவலை விளக்கிய பால் மோட்ரிச் 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆகவே எழுத்து பழுதானாலே அது சடுதிமாற்றம் ஆகிவிடாது. திருத்தம் முந்துகிறதா, அடுத்த பிரதி முந்துகிறதா என்பதே கேள்வி.

இதைத் திண்டிவனத்தின் பெயர் தாங்கிய டி.எம்.வி. 2 மல்லாட்டை ரகத்தில் பார்க்கலாம். குடியாத்தம் கொத்து மல்லாட்டையிலிருந்து தேர்ந்தெடுத்து 1940இல் வெளிவந்த ரகம் அது. பின்னாளில் அதை ஈ.எம்.எஸ். என்ற ரசாயனத்துக்கு உட்படுத்தி, குறுகிய இலை கொண்ட ஒரு செடியைப் பெற்றார்கள். ஈ.எம்.எஸ்., குவானின் எழுத்தில் ஒரு சிறு ஒட்டு போடுகிறது. ஒட்டுப்பட்ட குவானின், சைட்டோசினை விட்டுத் தைமினோடு சேரும். அடுத்த பிரதியில் அந்தத் தைமினுக்கு எதிரே அடினின் வந்து உட்கார்ந்துவிட்டால், ஜோடி கச்சிதமாகப் பொருந்திவிடும். பொருந்தாததை மட்டுமே தேடும் காவலுக்கு இனி அங்கே வேலையில்லை. பிழையே மூலமாகிவிட்டது.

பிழையால் புது வகை கிடைக்குமென்றால் திருத்தம் எதற்கு என்று கேட்கலாம். ரசாயனம் பட்ட விதைகளில் பல முளைப்பதே இல்லை. முளைத்தவற்றிலும் பயனுள்ள மாற்றம் அரிது. மனிதரில் இதே திருத்தக் காவலின் மரபணு ஒன்று பழுதாகப் பிறந்தால் அது லிஞ்ச் நோய்க்குறி. பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு பல மடங்கு கூடும். அப்படியானால் காவல் முழுக்க முழுக்கப் பிசகாமல் இருந்தால்? குடியாத்தம் வயலில் செடிக்குச் செடி வேறுபாடே இருந்திருக்காது. தேர்ந்தெடுக்க எதுவும் கிடைத்திருக்காது. வயலுக்கு வேண்டியது, எப்போதோ ஒன்றைத் தவறவிடும் கண்டிப்பான காவல்தான்.